பொருதறியாக் கலை போர்க்கலை ஆகுமா?

(இளைஞர் பயிற்சிக் களமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது சிற்றூர்ப் பாட்டியும் அறிந்த பழமொழி. ஏட்டில் எழுதிய சுரைக்காய் எத்துணைப் பெரிதாயினும் அடுப்பில் ஏறாது, பசி தீர்க்காது. எதிர்ப்பவன் ஒருவனையும் எதிரே நிறுத்தாமல் ஆண்டுக்கணக்கில் பயின்ற அடியும் தடுப்பும் அத்தகைய சுரைக்காய்களே. பார்க்க அழகாயிருக்கும், பாராட்டும் கிடைக்கும், ஆயின் இருள் சூழ்ந்த தெருமுனையில் ஒருவன் பாய்ந்து கழுத்தைப் பற்றும் நொடியில் அவை கைகொடா.

தற்காப்புக் கலையொன்று மெய்க்கலையா வெற்றாட்டமா என்பதை எதனைக்கொண்டு அளப்பது என்பதே இவ்வுரையின் கரு. அக்கலையின் பழமையைக் கொண்டு அளக்கலாமா? ஆசானின் புகழைக் கொண்டு அளக்கலாமா? மேடையடியில் எழும் கைதட்டலைக் கொண்டு அளக்கலாமா? இம்மூன்றும் அதற்கு அளவுகோல் ஆகா. அடிபட விரும்பாத, விழ விரும்பாத, தன் முழு முயற்சியோடும் எதிர்த்து நிற்கின்ற மற்றொரு மாந்தனே அதற்குரிய அளவுகோல். அவன்முன் நின்று பொருது பார்க்காத கலை, தன்னைத்தானே அறியாத கலை.

இசைவும் எதிர்ப்பும்

தற்காப்புப் பயிற்சிகள் யாவற்றையும் இருபெரும் பிரிவுகளில் அடக்கலாம். ஒன்று இசைவுப் பயிற்சி. மற்றொன்று எதிர்ப்புப் பயிற்சி. இசைவுப் பயிற்சியில் ஒருவன் எந்தக் கையால் அடிப்பான், எவ்விடத்தில் அடிப்பான், எப்பொழுது அடிப்பான் என்பவெல்லாம் முன்பே பேசி முடிக்கப்பட்டவை. அடித்த கையை அவன் திரும்ப இழுப்பதில்லை. அடுத்த அடியைத் தொடுப்பதுமில்லை. நட்டுவைத்த மரம்போல் அவன் நிற்க, மற்றவன் அவன் கையைத் தட்டி, விலாவில் குத்தி, காலை வாரி, தரையில் கிடத்தி நிமிர்ந்து நிற்பான். பார்ப்போர் மெய்சிலிர்ப்பர்.

இசைவுப் பயிற்சி வேண்டாததொன்று அன்று. எழுத்தறியாதவன் எங்ஙனம் கட்டுரை எழுதுவான்? காலை எங்கு வைப்பது, கையை எங்ஙனம் வீசுவது, மூச்சை எப்பொழுது விடுவது என்பவற்றை அமைதியான நிலையிற்றான் கற்கவியலும். ஆயின் அரிச்சுவடியோடு நின்றுவிட்டவனைப் புலவன் என்பாரில்லை. இசைவோடு நின்றுவிட்டவனை மட்டும் மறவன் என்று போற்றுவது எங்ஙனம்?

இதில் மற்றொரு தீங்கும் உண்டு. ஆசானுக்காக விழுந்து விழுந்து பழகிய மாணாக்கன் விழுவதையே கற்றுக்கொள்கின்றான். அவன் விழுவதைக் கண்டு கண்டு, தம் ஆற்றலால்தான் விழுகின்றான் என்று ஆசானும் நம்பத் தொடங்குகின்றார். தொடாமலே பலரை வீழ்த்தும் உள்ளாற்றல் தமக்கு உண்டு என்று கூறிவந்த சப்பானிய முதியவர் ஒருவர், 2006-ஆம் ஆண்டில் தம் பள்ளியைச் சாராத ஒரு போட்டி மறவரைக் களத்தில் எதிர்கொண்டார். அவர் கையசைத்தால் அலையலையாக விழுந்து பழகியவர் அவருடைய மாணாக்கர். எதிரே நின்றவரோ விழவில்லை. நெருங்கி வந்து அடித்தார். சிறிது பொழுதிலேயே முதியவர் குருதி வழியத் தரையில் கிடந்தார். அவர் பிறரை ஏய்க்க மட்டும் எண்ணியிருந்தால் அக்களத்தில் இறங்கியே இருக்க மாட்டார். தம்மையும் ஏய்த்துக்கொண்டதுதான் அவருக்கு நேர்ந்த பெருங்கேடு. எதிர்ப்பற்ற பயிற்சி முதலில் ஆசானைக் கெடுக்கின்றது. பிறகு மாணாக்கனைக் கெடுக்கின்றது. இறுதியில் கலையையே கெடுக்கின்றது.

பூவேலை வாளும் மூங்கில் வாளும்

இந்நோய் புதியதன்று. சப்பான் நாட்டு வாட்கலையின் வரலாறே இதற்குச் சான்று. 1603-ஆம் ஆண்டில் தோக்குகாவாக் குடியினரின் ஆட்சி அந்நாட்டில் நிலைபெற்ற பிறகு, பெரும்போர்கள் ஓய்ந்தன. இரண்டரை நூற்றாண்டுக் காலம் பேரளவில் அமைதி நிலவியது. வாளேந்தும் மறவர் இருந்தனர், வாளுக்கு வேலையில்லை. போரில்லாக் காலத்தில் வாட்பள்ளிகள் பெருகின. பெருகப் பெருக, வாள்வீச்சு காண்பதற்கு இனிய பூவேலையாயிற்று. அந்நாட்டார் தம் வாட்கலை வரலாற்றை எழுதும்பொழுது, அக்காலத்து வாள்வீச்சைப் பூப்போன்ற ஒப்பனை வீச்சு என்றே குறிக்கின்றனர்.

வாட்பயிற்சியாளர்முன் அற்றை நாளில் இரண்டே வழிகள் இருந்தன. மரவாளால் முழு விரைவில் பொருதால் மண்டை உடையும், எலும்பு முறியும். உடையாதிருக்க வேண்டுமாயின் மேனியில் படுமுன்பே வாளை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தி நிறுத்திப் பழகியவனோ வாள் படுவதையே அறியாதவனாவான். இவ்விரு வழிக்கும் நடுவே மூன்றாவது வழியொன்றைக் கண்டவர்களுள் தலையானவர் நகனுமா குனிசாத்தோ எனும் ஆசான். 1711 முதல் 1715 வரையிலான ஆண்டுகளில் அவர் மூங்கில் வாளையும், தலைக்கும் கைக்கும் உரிய காப்புறைகளையும் திருத்தியமைத்து, உண்மையாகவே அடித்துப் பொரும் பயிற்சியைத் தம் பள்ளியில் நிலைநாட்டினார். அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் நக்கனிசி எனும் மற்றோர் ஆசான் இரும்புக் கம்பியிட்ட முகக்காப்பையும் மூங்கிலாலான மார்புக்காப்பையும் சேர்த்தார். இன்று ‘கெண்டோ’ எனப்பெறும் வாள்நெறி அங்ஙனம் உருவானது.

அவர்களைப் பழித்தவரும் இருந்தனர். மூங்கிலுக்குக் கூர்மையில்லை, காப்புறைக்குள் இருப்பவனுக்கு அச்சமில்லை, இஃது எங்ஙனம் மெய்யான வாட்போர் ஆகும் என்று வினவினர். அவ்வினாவில் உண்மை உண்டு. மூங்கில் வாளால் தட்டிப் பழகியவன் மெய்வாளின் எடையையும் வெட்டையும் மறந்துவிடக் கூடும். அதனாலேயே பழைய வரிசைப் பயிற்சிகளை வாள்நெறியினர் முற்றும் கைவிடவில்லை. ஆயினும், மூங்கில் வாளோடு பத்தாயிரம் முறை எதிர்ப்பவனை எதிர்கொண்டவனுக்குத் தொலைவு தெரியும்; எதிரியின் தோள் அசைவு தெரியும்; அடிபட்ட பின்னும் கண்மூடாதிருக்கத் தெரியும். ஒப்பனை வீச்சினனுக்கு இவற்றுள் ஒன்றும் தெரியாது. குறையுள்ள தேர்வு, தேர்வே இல்லாமையினும் மேலானது.

கானோ கண்ட மென்னெறி

வாளுக்கு நேர்ந்த இம்மாற்றம் வெறுங்கைப் போருக்கும் நேர்ந்தது. அதனைச் செய்து முடித்தவர் 1860-இல் பிறந்த கானோ சிகோரோ. மெலிந்த உடலினர், உயரமும் குறைந்தவர். பள்ளியில் வலியோரால் இடர்ப்பட்டமையால் தற்காப்புக் கலை கற்க விழைந்தார். வாளேந்திச் செல்லும் வழக்கம் 1876-இல் சட்டத்தால் விலக்கப்பட்டுப் பழைய கலைகள் மங்கிவந்த காலம் அது. 1877-இல் தோக்கியோ நகரில் புகுதா எனும் ஆசானைத் தேடிப் பிடித்து, பழைய மற்பிடிக் கலையைக் கற்கத் தொடங்கினார்.

ஒருநாள் ஆசான் அவரைத் தூக்கியெறிந்தார். கையை எங்கு வைத்தீர்கள், காலை எங்கு வைத்தீர்கள் என்று கானோ வினவினார். விடையாக மீண்டும் தூக்கியெறிந்தார் ஆசான். கானோ விடாமல் வினவ, மீண்டும் எறிவே விடையாயிற்று. சொல்லிக் கேட்டு வருவதன்று இக்கலை. பட்டு அறிந்து வருவது என்பதே அவ்வாசானின் கருத்து. கானோ அதனையும் ஏற்றார். ஏன், எங்ஙனம் என்று ஆராயும் தம் பழக்கத்தையும் விடவில்லை. பட்டறிவும் ஆராய்ச்சியும் அவரிடம் ஒன்றுகூடின.

அப்பள்ளியில் புக்குசிமா என்றொரு பேருடலினர் இருந்தார். கானோவால் அவரை வீழ்த்த முடியவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கானோ கூடத்தைக் குறை கூறவில்லை. தம் நாட்டு மற்போர் நுணுக்கங்களைக் கேட்டறிந்து முயன்றார், பலிக்கவில்லை. நூலகம் சென்று மேலைநாட்டு மற்போர் நூல்களைப் புரட்டினார். அவற்றிற் கண்டவற்றிலிருந்து, எதிரியைத் தோள்மீது ஏற்றி உருட்டும் எறிவொன்றை அமைத்துப் பயின்று, புக்குசிமாவை வீழ்த்தினார். அவ்வெறிவு இன்றும் சூடோவில் உள்ளது. வீழ்த்த முடியாத ஒருவன் எதிரே நின்றமையால் அன்றோ அவ்வெறிவு பிறந்தது?

1882-ஆம் ஆண்டு, தம் 22-ஆம் அகவைக்குள், ஒரு புத்தர் கோயிலின் சிறு கூடத்தில் பன்னிரண்டு பாய்களை விரித்துக் கானோ தம் பள்ளியைத் தொடங்கினார். தொடக்கத்தில் மாணாக்கர் ஒன்பதின்மர். அதுவே கோடோக்கன். அவர் தம் கலைக்கு இட்ட பெயர் சூடோ; மென்மை வழி என்பது அதன் பொருள்; தமிழில் மென்னெறி எனலாம். பயிற்சியை அவர் இரு கூறாக்கினார். ‘கட்டா’ என்பது வரிசைப் பயிற்சி. ‘இராண்டோரி’ என்பது விடுநிலைப் பொருபயிற்சி. இருவரும் தத்தம் விருப்பம்போல் முழு வலிமையோடு ஒருவரையொருவர் வீழ்த்த முயல்வது. பொருபயிற்சி அவருக்கு முன்பும் சில பள்ளிகளில் இருந்தது. அதனைக் கலையின் நடுத்தூணாக நிறுத்தியவர் அவர்.

இங்குத்தான் கூர்ந்து நோக்கத்தக்க செய்தியொன்று உள்ளது. குத்து, உதை, விரல் முறிப்பு போன்ற கொடிய முறைகளைக் கானோ பொருபயிற்சியினின்று விலக்கினார். அவற்றை வரிசைப் பயிற்சியில் மட்டும் வைத்தார். எறிதல், அமுக்கிப் பிடித்தல், கழுத்து நெரித்தல், கைமூட்டுப் பூட்டு ஆகியவற்றைப் பொருபயிற்சிக்கு உரியனவாக்கினார். தோற்றவன் கையால் தட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, ஊறின்றி விழக் கற்பித்தார்.

கொடிய முறைகளை விலக்கினால் கலை வலிவிழக்கும் என்றுதானே எவரும் எண்ணுவர்? நிகழ்ந்தது அதற்கு மாறானது. கண்ணைக் குத்தும் முறையை எவரும் தம் தோழர்மீது முழு வலிமையோடு பயில இயலாது. ஆகலின் அது என்றும் ஒத்திகையாகவே நின்றுவிடுகின்றது. தோளுக்குமேல் எறியும் முறையையோ ஒரே மாலைப்பொழுதில், எதிர்க்கின்ற பத்துப் பேரிடம் முயன்று பார்க்கலாம். ஒன்பது முறை தோற்றுப் பத்தாம் முறை வென்றவனுக்கு அவ்வெறிவு உடலில் ஊறிவிடுகின்றது. ஒத்திகையில் மட்டும் அறிந்த நூறு கொலைமுறைகளினும் பொருது தேர்ந்த பத்து முறைகள் வலியவை. 1886-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோக்கியோ நகரக் காவல்துறை நடத்திய போட்டிகளில், பழைய பள்ளிகளைச் சேர்ந்த மறவர்களைக் கோடோக்கன் மாணாக்கர் பெரிதும் வென்று புகழ்பெற்றது இதனாற்றான்.

வென்றவரும் தோற்றனர், தோற்றுக் கற்றனர்

வெற்றி பெற்ற பள்ளியும் தேர்வுக்கு விலக்காகாது. நின்று எறிவதில் வல்லவரான கோடோக்கன் மறவரைத் தனாபே எனும் மற்றொரு பள்ளியின் ஆசான் தரைப்பிடியில் வென்று காட்டினார். தோற்றதை மறைக்காமல், தங்களிடம் இருந்த குறை இதுவென்று உணர்ந்து, தரைப்பிடியை ஆழ்ந்து கற்கலாயினர் கோடோக்கனார். எதிரி காட்டிய குறையைத் தன் கல்வியாக மாற்றிக்கொள்ளும் பண்பே பொருபயிற்சியின் உயிர்.

1964-ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்குப் போட்டியில் சூடோ முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. எடை வரையறையற்ற பிரிவின் இறுதிப் போட்டி அக்டோபர் 23-ஆம் நாள் நடைபெற்றது. தம் மண்ணில் பிறந்த கலையில், தம் மக்கள் முன்னிலையில், சப்பானிய மறவர் கமினாகாவை நெதர்லாந்து நாட்டு ஆண்டன் கீசிங்கு அமுக்கிப் பிடித்து வென்றார். கூடியிருந்தோர் கலங்கினர். ஆயின் கீசிங்கு குருட்டு வாய்ப்பால் வென்றவர் அல்லர். 1961-லேயே உலக வாகையர். சப்பானுக்கே வந்து பயின்றவர். கலை ஓர் இனத்தின் கருவில் பிறக்கலாம்; திறன் அங்ஙனம் பிறப்பதில்லை. எவன் நாள்தோறும் பொருது பயில்கின்றானோ அவனிடம் அது சென்று சேர்கின்றது.

அதே கலையின் கிளையொன்று வேறு திசையில் வளர்ந்தது. கோடோக்கனைச் சேர்ந்த மயேதா 1914-இல் பிரேசில் நாடு சென்றார். அவர் வழியிற் கற்ற கிரேசிக் குடும்பத்தார், தரைப்பிடியைத் தம் கலையாக வளர்த்து, பிற கலையினரை வலிந்தழைத்துப் பொருதனர். 1993-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பல கலையினரும் கலந்துகொண்ட போட்டியொன்று நடந்தது. ஏறத்தாழ 80 கிலோ எடையே உடைய இராய்சு கிரேசி, ஒரே இரவில் மூவரை வென்று முதல்வரானார். தரையிற் பொருதறியாத பலர் அன்று தம் குறையை உணர்ந்தனர், உணர்ந்து கற்றனர். கற்றதன் விளைவாக, 2006-இல் அதே இராய்சு கிரேசியை இளையவரான ஒரு மற்போர் மறவர் முதற்சுற்றிலேயே வென்றார்.

மெலியோன் வலியோனை வெல்லக்கூடும் என்பது மெய். எப்பொழுதும் வெல்வான் என்பது பொய். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவது சொற்போர் அன்று, களமே.

நெருக்கடியில் உடல் என்ன செய்யும்?

களத்திற் பொருவதும் தெருவில் தப்புவதும் ஒன்றல்ல. களத்தில் இருவரும் இசைந்து நிற்கின்றனர், நடுவர் நிற்கின்றார், தொடக்கக் குரலும் முடிவுக் குரலும் உண்டு. வழிப்பறி செய்வோன் வணக்கம் கூறித் தொடங்குவதில்லை. அவன் பின்னிருந்து வருவான், இழிசொல் கூறுவான், கூட்டாளியோடு வருவான். அந்நொடியில் நெஞ்சு படபடக்கும்; மூச்சு மேலேறும்; விரல்களின் நுண்ணசைவு தடுமாறும்; பார்வை குறுகி எதிரே உள்ளவன் மட்டுமே தெரிவான்; பக்கத்து ஒலிகூடக் கேளாமற் போகும். இவை கோழைமையின் அறிகுறிகள் அல்ல. அச்சத்தின்போது எல்லார் உடலிலும் நிகழும் இயற்கை மாற்றங்கள். அமைதியான கூடத்தில் மட்டும் பயின்றவனுக்குத் தன் உடலே அன்று அயலாய்ப் போகின்றது. ஆகலின் அம்மாற்றங்களோடு செயற்படவும் முன்பே பழக வேண்டும். அதுவே நெருக்கடித் தேர்வு.

மகளிர்க்கு இது மிகவும் இன்றியமையாதது. கராத்தேயில் கருப்புப் பட்டை பெற்ற ஒரு பெண்ணே கொடியவன் ஒருவனிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள முடியாமற் போன செய்தி, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மாத்யூ தாமசு என்பாரை 1970-களின் தொடக்கத்தில் சிந்திக்க வைத்தது. அப்பெண்ணிடம் குறை காணாமல், அவள் பெற்ற பயிற்சியில் குறை கண்டார் அவர். பெண்கள் எங்ஙனம் தாக்கப்படுகின்றனர் என்பதை ஆராய்ந்து, அதற்கேற்பப் பயிற்சியை அமைத்தார். தலைமுதல் தொடைவரை பஞ்சுறை அணிந்த ஆடவன் ஒருவன் தாக்குவோனாக வருவான், மிரட்டுவான், பற்றுவான், கீழே தள்ளுவான். பெண் தன் முழு வலிமையோடு, உரத்த குரலெழுப்பி, அவனை உண்மையாகவே அடித்து உதைத்துத் தப்ப வேண்டும். தள்ளப்பட்டுத் தரையிற் கிடக்கும் நிலையிலிருந்தும் பொருதப் பயில வேண்டும். அடி என்பது எத்தகையது, தன் குரல் எத்துணை உரத்தது என்பதை அவள் அங்கு வாழ்வில் முதன்முறையாக அறிகின்றாள். அவ்வறிவை நூறு மேடைக்காட்சிகள் தரமாட்டா. ஓடித் தப்புவதும் உதவி கேட்டுக் கூவுவதும் தற்காப்பின் பகுதிகளே என்பதையும் அப்பயிற்சி கற்பிக்கின்றது.

கொடுமை பயிற்சியாகாது

பொருபயிற்சி வேண்டும் என்றதும், கண்மூடித்தனமாக அடித்துக்கொள்வதே அது என்று எண்ணிவிடலாகாது. சப்பானே இதற்கும் வருத்தந்தரும் சான்று. 1983 முதல் 2010 வரையிலான காலத்தில் அந்நாட்டுப் பள்ளிச் சூடோப் பயிற்சிகளில் நூற்றுக்கு மேற்பட்ட மாணாக்கர் இறந்தனர் என்பதை அந்நாட்டு ஆய்வறிஞர் வெளிக்கொணர்ந்தனர். அவருட் பலர் தலையில் ஊறுபட்டு மாண்டவர். பலர் அப்பொழுதுதான் பயிற்சியிற் சேர்ந்த இளஞ்சிறார். விழக் கற்குமுன் எறியப்பட்டனர். தலைநோவென்று கூறிய பின்னும் களத்தில் நிறுத்தப்பட்டனர். கானோ முதலிற் கற்பித்த விழுதலை மறந்ததன் விலை அது. இவ்வுண்மை வெளிவந்த பிறகே காப்பு நெறிமுறைகள் இறுக்கப்பட்டன. 2013-இல், தம்மை அடித்துத் துன்புறுத்துவதாக மறமகளிர் பதினைவர் முறையிட்டமையால், அந்நாட்டு மகளிர் சூடோ அணியின் தலைமைப் பயிற்சியாளர் பதவி விலக நேர்ந்தது.

எதிர்ப்பு வேறு, கொடுமை வேறு. எதிர்ப்பவன் மற்றவனை வளர்க்கின்றான். கொடுமை செய்பவன் மற்றவனைச் சிதைக்கின்றான். தன் தோழனைச் சிதைத்துவிட்டவனுக்கு நாளைப் பயிற்சிக்குத் தோழன் ஏது? மென்னெறியின் இரு பெருங்கொள்கைகளுள் ஒன்றாகக் கானோ வகுத்தது, தானும் பிறரும் ஒருங்கே நலம்பெறுதல் என்பதே ஆகும்.

படிப்படியாக ஏறுக

அங்ஙனமாயின் பொருபயிற்சியை எவ்வாறு அமைப்பது?

முதற்படி, தனிப்பயிற்சி. அடிவைப்பும் வீச்சும் மூச்சும் இங்குத் திருந்துகின்றன.

இரண்டாம் படி, இசைந்த இணைப்பயிற்சி. தொலைவும் ஒழுங்கும் இங்குப் பிடிபடுகின்றன.

மூன்றாம் படி, வரம்பிட்ட எதிர்ப்பு. எதிராளி ஒரே ஒரு தாக்குதலைத்தான் செய்வான். ஆயின் எப்பொழுது செய்வான் என்பது தெரியாது. பிறகு இரண்டு தாக்குதல்கள். எது வரும் என்பதும் தெரியாது. பெரும்பாலான களங்களில் விடுபட்டுப்போவது இப்படியே. இசைவிலிருந்து நேரே முட்டிமோதலுக்குத் தாவுவதால்தான் ஊறும் அச்சமும் மிகுகின்றன.

நான்காம் படி, காப்புறையோடு விடுநிலைப் பொருபயிற்சி. விரைவையும் வலிமையையும் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். தலையில் கடும் அடி பட்டவனை அன்றே மீண்டும் களத்தில் இறக்கலாகாது. மருத்துவர் இசைவு தரும்வரை அவன் ஓய்ந்திருக்க வேண்டும்.

ஐந்தாம் படி, நெருக்கடித் தேர்வு. களைத்த பின், மங்கிய ஒளியில், குறுகிய இடத்தில், ஒருவருக்கு மேற்பட்டோர் எதிர்ப்ப நின்று செயற்படுதல். இதனை அரிதாகவும் ஆசானின் நேர்ப்பார்வையிலும் மட்டுமே செய்ய வேண்டும்.

ஒவ்வொரு படியிலும் தோல்வி உண்டு. தோற்றவன் எள்ளப்படாத களமே நல்ல களம். ஆசானும் அவ்வப்பொழுது களத்தில் இறங்கி, தம் மாணாக்கரிடம் அடிபட நாணாதிருப்பாராயின், அக்களத்தில் பொய் முளைக்காது.

சிலம்பத்தின் முன் நிற்கும் வினா

இவையெல்லாம் அயல்நாட்டுக் கதைகள்தாமே என்று எவரேனும் எண்ணலாம். தமிழர்க்கும் பொருது தேர்தல் புதியதன்று. ஆமூர் மல்லனைச் சோழர்குடிப் பெருநற்கிள்ளி மற்போரில் வீழ்த்தியதைப் புறநானூற்றின் 80-ஆம் பாட்டு கூறுகின்றது. ஒரு கால் எதிரியின் மார்பை அழுத்த, மறுகால் அவன் செய்யும் சூழ்ச்சியைத் தடுத்து நின்ற நிலையைச் சாத்தந்தையார் எனும் புலவர் அதில் காட்டுகின்றார். எதிர்க்கின்ற மல்லனொருவனை அடக்கிய பிடியே அங்குப் பாடப்பெற்றது. எவரும் எதிர்க்காத தனியாட்டம் அன்று.

சிலம்பத்திலும் போர்ச்சிலம்பம் வேறு, ஒப்பனைச்சிலம்பம் வேறு என்று அக்கலையினரே பிரித்துரைப்பர். கம்பின் நுனியில் சாந்தோ பொடியோ தோய்த்து, எதிரியின் உடலில் படிந்த தடத்தை எண்ணி வெற்றி கூறும் வழக்கமும் உண்டு. எத்துணை நேர்மையான தேர்வு அது! பட்டதா படவில்லையா என்ற வழக்குக்கே அங்கு இடமில்லை. உடலே சான்று கூறும்.

இற்றை நிலை என்ன? 2024-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தமிழ்நாட்டில் நடந்த இந்திய இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. மகிழத்தக்கதே. பள்ளிச் சிறுவர் சிறுமியர் பலர் கம்பு பிடிக்கின்றனர். அதுவும் மகிழத்தக்கதே. ஆயின் விழா மேடைகளில் தீப்பந்தம் சுழல்வதையும் இரட்டைக்கம்பு மின்னுவதையும் கண்டு கைதட்டுவோர், ஒரு வினாவையும் எழுப்ப வேண்டும். அக்கம்பைச் சுழற்றும் சிறுவன், தன்னை அடிக்க வருகின்ற மற்றொரு கம்பை எத்தனை முறை எதிர்கொண்டிருக்கின்றான்? ஒருமுறையும் இல்லையெனில், அவன் கற்றது அழகிய ஆடல், போர்க்கலையின் பாதி. மறுபாதியை அவனுக்குத் தராமல், ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது என்று மட்டும் சொல்லிக் கொடுப்பது அவனை ஏமாற்றுவதாகும். அப்பழமை அவன் தலையில் விழும் அடியைத் தடுக்காது.

தொட்டாற் புள்ளி எனும் போட்டியும் மட்டுமே போதாது. மெல்லத் தட்டிவிட்டு ஓடுவதையே அது பழக்கிவிடக் கூடும். மூங்கில் வாளுக்கு நேர்ந்த அதே குறை இது. ஆகலின் போட்டியும் வேண்டும். பழைய அடிவரிசையும் வேண்டும். முகக்காப்பும் கைக்காப்பும் அணிந்து, நுனியில் மெத்தென்ற உறையிட்ட கம்பால் முழு விரைவிற் பொரும் பயிற்சியும் வேண்டும். மூன்றும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும்.

தாம் கற்பித்தவற்றுள் எது நிற்கும், எது உதிரும் என்று அறிய ஆசான்மார் அஞ்சலாகாது. உதிர்வது உதிரட்டும். பதரைத் தூற்றினால்தான் நெல் மணி கிடைக்கும். தூற்றாமல் வைத்த குவியல் உயரமாய்த் தெரியுமே அன்றி உலைக்கு உதவாது. முன்னோர் விட்டுச்சென்ற அடிகளுள் எத்தனை இன்றும் உயிரோடு உள்ளன என்பதைக் கூறவல்லது களம் ஒன்றே.

இளைஞரே! கலையைப் போற்றுங்கள், போற்றுவதோடு நில்லாமல் பொருது பாருங்கள். தோழனை ஊறுபடுத்தாமல் எதிர்த்து நில்லுங்கள். தோற்ற நாளில், ஏன் தோற்றோம் என்று எழுதி வையுங்கள். வென்ற நாளில், எதனால் வென்றோம் என்று ஐயுறுங்கள். தங்கையருக்கும் தமக்கையருக்கும் களத்தில் இடம் தாருங்கள். தெருவின் இடர் அவர்களையே முதலில் தேடி வருகின்றது.

பாடிப் போற்றுவதால் மட்டும் ஒரு கலை வாழாது. எதிர்ப்பைத் தாங்கி நின்ற கலையே நாளையும் நிற்கும். எழுக! பயில்க! பொருது தெளிக!